கொள்ளிடக் கரையில் கிடந்த ஆமை வண்டி

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒரு வாழைத் தோட்டத்தில் கேஸ் கட்டிங் டார்ச்சோடு நின்றிருந்தேன். எதிரே, காட்டுக்கொடி படர்ந்து பாதி மண்ணில் புதைந்த ஓர் இரும்புத் தொட்டி. அதைத் துண்டு துண்டாக வெட்டி லாரியில் ஏற்றிவிடுவதுதான் அன்றைக்கு எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்தவள். எங்கள் பேட்ச்சில் இரண்டே பெண்கள். இன்னொருத்தி கல்யாணத்தோடு தொழிலை விட்டுவிட்டாள். நான் விடவில்லை. கணவர் தொழிற்சாலையில் வேலை பார்ப்பதால் வீடு கைலாசபுரம் ஊழியர் குடியிருப்பில். பக்கத்தில் துவாக்குடியில் எனக்கென்று சின்னதாக ஒரு ஷெட். பெரிய கம்பெனிகளுக்கு பைப் சப்போர்ட், பிளாட்பாரம், படிக்கட்டு என்று வெல்டிங் செய்து கொடுப்போம். நடுநடுவே வெட்டும் வேலையும் வரும். அப்படித்தான் ஒரு பழைய இரும்பு வியாபாரி என்னைக் கூப்பிட்டிருந்தார். "தோட்டத்துல ஒரு பழைய டிராக்டர் கிடக்கு மேடம். அரை நாள் வேலைதான்" என்றார்.

கொடியை விலக்கிவிட்டு இடது பக்கத் தகட்டில் வெட்ட ஆரம்பித்தேன். முக்கால் அடி போயிருப்பேன். லாரி கிரேனில் மாட்ட ஒரு கொக்கிக்கு ஓட்டை வேண்டும் என்று வியாபாரி சொன்னதால், டார்ச்சை அணைத்துவிட்டு டிரில்லிங் மெஷினை எடுத்தேன். பிட் தகட்டில் இறங்கவில்லை. கிறீச்சென்று கத்தியது, வழுக்கியது, மழுங்கிப் போனது. வேறு பிட் போட்டேன். அதுவும் அப்படியே. சாதாரண இரும்பு அப்படிச் செய்யாது. கையில் இருந்த அரத்தை எடுத்து ஓர் ஓரத்தில் தேய்த்துப் பார்த்தேன். கண்ணாடி மேல் தேய்த்ததுபோல் வழுக்கிக்கொண்டு போனது.

அப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். சுற்றிலும் நெருக்கமாக ரிவெட் ஆணி வரிசை. முன்பக்கத் தகட்டில், உள்ளே உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு வரும் இடத்தில் ஒரு நீளமான பிளவு. அதற்குப் பக்கத்தில் சதுரமாக ஒரு திறப்பு. மேல்பாதியை யாரோ எப்போதோ அறுத்து எடுத்திருந்தார்கள். கீழே மண்ணைக் கிளறினால், சக்கரங்களுக்கு வெளியே இரும்புக் கண்ணிகளாலான பட்டைச் சங்கிலி. எந்த டிராக்டருக்கு இவ்வளவு கெட்டியான கவசத் தகடு வேண்டியிருக்கிறது?

தோட்டத்துச் சொந்தக்காரர் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் இருப்பவர், பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நெற்றியில் திருமண். அவரை நாங்கள் சாமி என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் போய், "சாமி, இது டிராக்டர் இல்லைங்க. இதை வெட்டக்கூடாதுன்னு தோணுது" என்றேன்.

"டிராக்டர் இல்லைன்னா என்னவாம்? எங்க தாத்தா யுத்தம் முடிஞ்சு மிலிட்டரி டிஸ்போசல் ஏலத்துல எடுத்தது. தென்னை வேர் பிடுங்கறதுக்கு இதைத்தான் ஓட்டுவாராம். ஜெர்மன் டாங்கின்னு சொல்லிண்டிருப்பார். தெருப் பிள்ளைகள் எல்லாம் ஆமை வண்டின்னு கூப்பிடுவோம். இப்ப அடியில நல்ல பாம்பு அடையறது. ஆட்கள் இந்தப் பக்கமே வரமாட்டேங்கறா. எடுத்துட்டா ஒரு மோட்டார் கொட்டகை போடலாம்."

"என்னன்னு தெரிஞ்சுக்காம வெட்டிட்டா, அப்புறம் ஒட்ட முடியாதுங்க சாமி."

"ஏற்கெனவே வெட்டிண்டுதானே இருந்தேள்?"

அவர் கேட்டது நியாயம். வியாபாரி வேறு கோபத்தில் குதித்தார். லாரி, கிரேன், ஆள் எல்லாம் வந்து நிற்கும்போது வெட்ட வந்தவள் வெட்டமாட்டேன் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? "இனிமே உங்களைக் கூப்பிடவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே இன்றுவரை கூப்பிடவில்லை.

சாமி விரல் விட்டு மாதங்களை எண்ணினார். பிறகு, "தை பிறக்கற வரைக்கும் வெச்சுக்கோங்கோ. அதுக்குள்ள அது என்னன்னு நிச்சயமாச் சொல்லணும். ஏதோ பழைய வண்டின்னு பொதுவாச் சொன்னா போறாது. சொல்ல முடியலைன்னா வேற ஆளை வெச்சு வெட்டிடுவேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் சிரித்தார். "பாம்புப் புத்துக்கு ஜாமீன் கொடுத்துட்டு வந்திருக்கே" என்றார். ஆனால் அன்று சாயங்காலமே மகளோடு உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படம் படமாகத் தேடியதும் அவர்தான்.

வண்டியின் பெயரைக் கண்டுபிடிப்பது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. மூன்றாவது நாளே மகள், "அம்மா, இதைப் பாருங்க" என்று ஒரு படத்தைக் காட்டினாள். அதே தாழ்வான தொட்டி, பக்கத்துக்கு அதே மூன்று சக்கரங்கள், அதே சங்கிலி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் ஓட்டிய யுனிவர்சல் கேரியர். பிரென் துப்பாக்கியை வைத்துக்கொண்டு போனதால் பிரென் கேரியர் என்றும் சொல்வார்கள். டாங்கி அல்ல, கூரையே கிடையாது. ஆட்களையும் ஆயுதங்களையும் குண்டு படாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் சின்ன வண்டி. சாமியிடம் சொன்னேன். தாத்தாவின் ஜெர்மன் டாங்கி போய்விட்டதில் அவர் முகம் கொஞ்சம் வாடியது.

இங்கிலாந்தில் இந்த வண்டிகளையே பல வருடங்களாகப் புதுப்பித்து வரும் ஒருவரின் முகவரியை மகள் இணையத்தில் பிடித்தாள். படங்களை அனுப்பினோம். மூன்று நாளில் பதில் வந்தது. ஆம், கேரியர்தான். சாதாரண வகை. ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது. பாதி அறுபட்டுவிட்டதால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த வண்டியில் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பின்பக்கத் தகட்டில் நான்கு ஓட்டைகளை யாரோ வெல்டிங் வைத்து அடைத்து, மேலே அரைத்துச் சமப்படுத்தியிருந்தார்கள். சாதாரணக் கண்ணுக்கு அது தெரியாது. இருபத்தெட்டு வருடம் வெல்டிங்கையே பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியும். முன்பக்கம் துப்பாக்கி நீட்டுகிற திறப்பு இருக்கிறதல்லவா, அதன் இரண்டு ஓரத்திலும் நீளவாக்கில் பழைய வெல்டிங் தழும்பு. அங்கே ஏதோ ஒன்று மேலும் கீழும் ஏறி இறங்குவதற்குப் பட்டி அடித்திருக்க வேண்டும். பிறகு அதைச் செதுக்கி எடுத்திருக்க வேண்டும். சாதாரண கேரியர் படங்களில் அந்த இடம் வேறு மாதிரி இருந்தது.

கேரியரில் எத்தனை வகை என்று மகளைத் தேடச் சொன்னேன். அதில் ஒன்று பீரங்கிப் படைக்கென்றே செய்தது. பீரங்கிகள் மைல் கணக்கில் பின்னால் நிற்கும். இந்த வண்டி முன்னால் போய் மறைவாக நின்று, குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்து, டெலிபோனில் சொல்லும். அதனால் துப்பாக்கித் திறப்புக்குப் பதிலாக, ஏற்றி இறக்கும் ஒரு மூடி. பின்பக்கத்தில் டெலிபோன் கம்பி சுற்றிய உருளை.

பின்பக்கம் நான்கு ஓட்டை. முன்பக்கம் இரண்டு பட்டித் தழும்பு. இரண்டுமே பொருந்தின.

மறுபடி இங்கிலாந்துக்காரருக்கு எழுதினோம். இந்தத் தடவை பதில் சுருக்கமாக வந்தது. ஓட்டைகள் விவசாயத்துக்கு மாற்றும்போது போட்டவையாக இருக்கலாம்; தங்கள் வண்டி அபூர்வமானதாக இருக்கவேண்டும் என்று எல்லோருமே ஆசைப்படுவார்கள்; ஆதாரம் இல்லாமல் எதையும் சொல்வதற்கில்லை. மகள் அதை மொழிபெயர்த்துச் சொல்லும்போதே குரலை மெதுவாக்கினாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவருக்கு அந்த வண்டியைப் பற்றித் தெரிந்ததில் நூற்றில் ஒரு பங்குகூட எனக்குத் தெரியாது. ஆனால் வெல்டிங் எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரிட்டில் கொஞ்சம் நைட்ரிக் ஆசிட் கலந்து எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். எங்கள் தொழிலில் வெல்டிங்கைச் சோதிக்க இப்படிச் செய்வது வழக்கம். தகட்டைப் பளபளப்பாகத் தேய்த்து இந்தக் கலவையைத் தடவினால், தாய் இரும்பு ஒரு நிறமாகவும் வெல்டிங் வைத்த இடம் வேறு நிறமாகவும் தெரியும். நான்கு ஓட்டைகளும் நான்கு நிலா மாதிரி எழும்பி வந்தன. விவசாயத்துக்கு மாற்றிய இடங்களில் இருந்த வெல்டிங் மேடும் பள்ளமுமாக, அவசரமாக வைத்தது. முன்பக்கப் பட்டித் தழும்போ அளவெடுத்ததுபோல் ஒரே சீராக இருந்தது. அது தொழிற்சாலையில் வைத்தது. அந்தப் பட்டியை வெட்டி எடுத்தவரும், ஓட்டையை அடைத்தவரும், கலப்பை மாட்டக் கொக்கி வைத்தவரும் ஒரே ஆள். ஒவ்வொரு வெல்டருக்கும் கையெழுத்து மாதிரி ஒரு கை உண்டு. அது மாறாது. ஆக, அந்த ஓட்டைகள் விவசாயத்துக்கு மாற்றும்போது போட்டவை அல்ல, அதற்கு முன்பே இருந்தவை.

இதுவும் போதாது என்று எனக்கே தெரிந்தது. இன்னும் பலமான ஆதாரம் வேண்டும். ஒருவேளை பெயின்டில் இருக்கலாம் என்று தோன்றியது. ராணுவ வண்டிகளில் முன்பக்கம் எந்தப் படை என்பதைக் காட்ட ஒரு சதுரச் சின்னம் போடுவார்கள் என்று படித்திருந்தோம். முன் தகட்டின் ஒரு மூலையை எடுத்துக்கொண்டு, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். கிரைண்டரைப் போட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் போயிருக்கும். அதனால் கையாலேயே தேய்த்தேன். முதலில் துரு, பிறகு ஒரு கரும்பச்சை, அதற்குக் கீழே அலுமினியம் பெயின்ட், அதற்கும் கீழே ராணுவக் காக்கிப் பச்சை. அங்கே நிறுத்திவிட்டு விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு விளிம்பு தட்டுப்பட்டது.

இரண்டு ஞாயிறு போயிற்று. மூன்றாவது ஞாயிறு, சாமி கோயில் தரிசனம் முடித்துப் புளியோதரைப் பொட்டலத்தோடு வந்து வரப்பில் நின்றார். காகிதத்தின் கீழே நீலம் தெரிந்தது. நல்ல அடர்த்தியான நீலம். மேலே தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு. மேல் பாதி சிவப்பு, கீழ்ப் பாதி நீலம், உள்ளங்கையைவிடப் பெரிய ஒரு சதுரம். நடுவே வெள்ளையில் ஓர் எண்ணின் மிச்சம்.

"இதென்ன இப்படி நிறம் நிறமா இருக்கு?" என்றார் சாமி.

"பீரங்கிப் படைச் சின்னம் சாமி."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். அத்தனை வருடம் பாம்புக்குப் பயந்து கிட்டேயே வராதவர்.

படங்களை அனுப்பினோம். இங்கிலாந்திலிருந்து ஒரு வாரம் பதில் இல்லை. பத்தாவது நாள் வந்தது. தான் தவறாக நினைத்துவிட்டதாகவும், நான் சொன்னதுதான் சரி என்றும், தன்னிடம் இருக்கும் பழைய வரைபடத்தில் பின்பக்க உருளையின் நான்கு துளைகளுக்கும் இடையே உள்ள அளவை இத்துடன் அனுப்புவதாகவும், நானே அளந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார். அளந்தேன். மயிரிழைகூடப் பிசகவில்லை. அந்தக் கடிதத்தை மகளை நான்கு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஐந்தாவது தடவை, "அம்மா, போதும்" என்றாள்.

தை பிறக்க இன்னும் இருபது நாள் இருந்தது. சாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படின்னா இதை இப்படியே விட்டா பாவம். பழையபடி பண்ண முடியுமோ?" என்றார்.

"முடியும்" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்குத் தெரியாது.

எஞ்சினுக்கு ஆள் வேண்டும். தென்னூரில் ஒரு பாய் இருந்தார். பழைய கார் எஞ்சின் என்றால் ஊரில் எல்லோரும் அவரைத்தான் கைகாட்டினார்கள். அறுபது வயது இருக்கும். வந்து பார்த்தவுடனேயே முகம் மலர்ந்துவிட்டது. "வி-எட்டு எஞ்சின்! இந்த எஞ்சின் போட்ட காரை எங்க வாப்பா ரிப்பேர் பண்ணும்போது நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்திருக்கேன் தங்கச்சி. ஆனா இதுல பிஸ்டன் எல்லாம் உடும்பு மாதிரி பிடிச்சிருக்கும். அவசரப்படக்கூடாது" என்றார். சிலிண்டர்களில் டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து தட்டிப் பார்ப்பார். எட்டாவது வாரம் எஞ்சினின் ஃபிளைவீல் சக்கரம் ஒரு விரல் அகலம் அசைந்தது. "அல்ஹம்துலில்லாஹ், உயிர் இருக்கு!" என்று அவர் கத்திய கத்தலில், மட்டை வெட்டிக்கொண்டிருந்தவர் தென்னை மரத்திலிருந்து விழாதது ஆச்சரியம்.

சங்கிலியில் பதினோரு கண்ணிகளைக் காணோம். அவற்றில் ஏழு அந்தத் தோட்டத்திலேயே கிடைத்தன. ஒன்று பழைய மோட்டார் கொட்டகைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நின்றது. இரண்டில் மாடு கட்டியிருந்தார்கள். மற்றவை வாய்க்கால் மடையில் பாரத்துக்குக் கிடந்தன. மீதி நான்கைக் கோயம்புத்தூரில் ஒரு ஃபவுண்டரியில் வார்த்து வாங்கினோம். மேல்பாதித் தகடுகளை இங்கிலாந்துக்காரர் அனுப்பிய வரைபடத்தை வைத்து என் ஷெட்டிலேயே வெட்டி வளைத்துக்கொண்டோம்.

இனி என் கணக்கு பாக்கி. நான் வெட்டிய அந்த முக்கால் அடி. ஒவ்வொரு ஞாயிறும் அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. போரில்கூட அடிபடாத தகட்டை நான் காயப்படுத்தியிருக்கிறேன்.

ஒரு நாள் சுத்தம் செய்து, வழக்கமாக நான் கனமான தகட்டுக்கு வைப்பதுபோல வெல்டிங் வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகாக வந்தது. பாய் பார்த்துவிட்டு, "நூல் பிடிச்ச மாதிரி இருக்கும்மா" என்றார். நானும் மனதுக்குள் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டேன். மறுநாள் காலை வந்து பார்த்தால், வெல்டிங்கை ஒட்டியே நீளமாக ஒரு விரிசல். உளியால் தட்டினேன். பட்டாணி மாதிரித் தெறித்தது.

தகட்டை ஒட்டி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். இந்த மாதிரி கெட்டி இரும்பை சாதாரணமாக ஒட்டினால் ஆறும்போது வெடிக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. படித்திருக்கிறேன். நான்கு பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். "நம்ம கைக்கு வராததா" என்ற எண்ணத்தில் செய்ததுதான் அது. வெட்டியதும் அவசரத்தில், ஒட்டியதும் அவசரத்தில்.

அதன்பின் ஒரு மாதம் அந்தத் தகட்டைத் தொடவில்லை. அறுபட்ட மேல்தகட்டின் விளிம்பில் மிஞ்சியிருந்த துண்டுகளில் ஒட்டி ஒட்டிப் பழகினேன். ஸ்டெயின்லெஸ் எலெக்ட்ரோடு, அதாவது வெல்டிங் குச்சி, போட்டால் நிற்கிறது. முன்கூட்டியே தகட்டைச் சூடாக்கினால் நிற்கிறது. மெதுவாக ஆறவிட்டால் நிற்கிறது. ஆனால் எல்லாம் கொஞ்ச நேரம்தான். மூன்றும் சேர்ந்தால்தான் நிலையாக நிற்கிறது. ஒன்றை விட்டாலும் வெடிக்கிறது.

பிறகு ஒரு சனிக்கிழமை விரிசல் விட்ட இடத்தை முழுதாக அரைத்து எடுத்துவிட்டு ஆரம்பித்தேன். எலெக்ட்ரோடுகளை அடுப்பில் காயவைத்துச் சூட்டோடு எடுத்து வந்திருந்தேன். தகட்டை டார்ச்சால் மெல்லச் சூடாக்கி, சரியான சூட்டில் உருகும் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்து, விரல் நீளம் மட்டும் வைத்து, நிறுத்தி, மறுபடி விரல் நீளம். சாமி ரைஸ் மில்லிலிருந்து இரண்டு மூட்டை உமிச் சாம்பல் கொண்டுவந்து வைத்திருந்தார். முடித்தவுடன் மரப்பெட்டி ஒன்றை அணைகொடுத்து, தகடு முழுவதும் சாம்பலால் மூடினோம். சூடு ஒரேயடியாக இறங்கிவிடக் கூடாது.

மூன்று நாள் கழித்துச் சாம்பலை விலக்கினேன். சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்து, மேலே வெள்ளை மருந்து அடித்தேன். விரிசல் ஒரு மயிர் அளவு இருந்தாலும் வெள்ளையில் சிவப்புக் கோடாகக் காட்டிக் கொடுத்துவிடும். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். நான் மணி பார்த்தேன். பாய் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தார். சாமி, "பெருமாளே" என்றார்.

வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"மாஷா அல்லாஹ்" என்றார் பாய். முகத்தைத் துடைப்பதுபோலக் கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்; முகமெல்லாம் சாம்பல்.

எல்லாம் சேர்த்து இரண்டரை வருடம். சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு அதை ஓட்டிப் பார்த்தோம். பாய் முதலில் ஓட்டட்டும் என்று நினைத்தேன். அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "எஞ்சின் சத்தத்தை நான் வெளியில நின்னு கேக்கணும். வண்டி உன்னோடது தங்கச்சி, நீ ஏறு" என்றார். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி உட்கார்ந்தேன். முன்பக்கப் பிளவு வழியே வாழை மரங்கள் ஒரு கோடு மாதிரித் தெரிந்தன.

மூன்று தடவை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் முதுகில் கேட்டது. கொக்குகள் கூட்டமாக எழும்பிப் போயின. கியர் போட்டு மெல்லக் கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கல். சங்கிலி கலகலவென்று உருண்டது. எத்தனையோ வருடம் மண்ணில் கிடந்தது கிளம்பிவிட்டது.

அந்த வண்டியில் ஓர் அதிசயம் உண்டு. ஸ்டியரிங்கைக் கொஞ்சமாகத் திருப்பினால், சங்கிலியே வில் மாதிரி வளைந்து வண்டியைத் திருப்பும். இன்னும் அதிகமாகத் திருப்பினால்தான் ஒரு பக்கச் சங்கிலிக்குப் பிரேக் பிடிக்கும். படத்தில் பார்த்திருந்தேன், கையில் உணர்ந்தது அன்றுதான். தோட்டத்தின் ஓரமாக மணல்திட்டு வரை போய், அங்கே ஒரு அரைவட்டம் அடித்துத் திரும்பினேன். எதிரே தென்னைகளுக்கு மேலே ராஜகோபுரம். சாமி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் ஓடி வந்துகொண்டிருந்தார். தோட்டத்து ஆட்களும் பெண்களும் இரண்டு பக்கமும் நின்று கைதட்டினார்கள். கணவர் வரப்பில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு பார்த்தால் படம் முழுக்க ஆட்டம். கேட்டதற்கு, "வெயிலு" என்றார்.

இப்போது அந்த வண்டி திருச்சியில் ஒரு கல்லூரி வளாகத்தில் கொட்டகை போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. சாமிதான் கொடுத்தார். "தோட்டத்துல வெச்சா பாம்பும் நானும்தான் பார்ப்போம்" என்றார். திறந்துவைக்க, பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி வந்திருந்தார். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்பக்கம் நாங்கள் மறுபடி செய்து மாட்டிய மூடியை மேலே தூக்கி, குனிந்து உள்ளே பார்த்தார். அதேபோல் செய்து வைத்த பின்பக்க உருளையைத் தொட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இது எந்த வகைன்னு கண்டுபிடிச்சது யாரு?" என்று கேட்டுக்கொண்டே பாயின் பக்கம் கையை நீட்டினார். பாய் அந்தக் கையைப் பிடிக்காமல் ஒதுங்கி, "நான் எஞ்சின் மட்டும்தான் சார். கண்டுபிடிச்சது, காப்பாத்துனது எல்லாம் இவங்க" என்று என்னைக் காட்டினார்.

அதிகாரி ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு நேராக நின்று சல்யூட் அடித்தார். நான் பதிலுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் கும்பிட்டேன்.

அதற்கு முந்தின வாரம், வண்டிக்குப் பக்கத்தில் வைக்கும் பலகைக்காகக் கல்லூரியிலிருந்து போன் செய்திருந்தார்கள். அடையாளம் கண்டு புதுப்பித்தவர் என்று என் பெயரைப் போடப் போவதாகச் சொன்னார்கள். பெயருக்குக் கீழே என்ன போடுவது? தொழிலதிபர் என்று போடலாமா, ஆய்வாளர் என்று போடலாமா என்று போனில் பேசிய அம்மா கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "வெல்டர்னு போடுங்க" என்றேன். "அது மட்டுமாங்க?" என்று தயங்கினார். "அது மட்டும் போதுங்க" என்றேன்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ தூணுக்கும் பைப்புக்கும் படிக்கட்டுக்கும் வெல்டிங் வைத்திருக்கிறேன், எதிலும் என் பெயர் இருந்ததில்லை. ஆனால் அந்தப் பலகையைப் பார்த்த நாளிலிருந்து, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், குரலைத் தாழ்த்தாமல் அவர்கள் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்கிறேன்.